ஏழு வகைச் சோறும் எரியாத அடுப்பும்

என் அக்காள் புருஷன் பத்துமலை ஏழு வருடம் நெருப்புப் பட்ட எதையும் வாயில் வைக்கவில்லை. சோறு, கறி, தோசை, காப்பி, தேத்தண்ணீர் எதுவும் இல்லை. வெந்நீர்கூட இல்லை. அவரிடம் கேட்டால் "இயற்கை உணவு" என்பார். ஈப்போவில், புந்தோங்கில் அவர்கள் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் "பச்சையாகத் தின்கிறார்" என்றார்கள். இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவதைச் சொல்லும்போது அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் வேலை பார்த்தது பொம்பாவில். தீயணைப்பு நிலையத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே அவர் தோட்டக்காரர். "வீட்டுல தீயை அணைச்சிட்டுத்தான் இவரு இங்க வேலைக்கு வாராரு" என்று வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் சொன்னாராம். மச்சான் அதை என்னிடம் பெருமையாக வந்து சொன்னார். கேலி என்று அவருக்குப் புரியவில்லையா, புரிந்தும் புரியாத மாதிரி இருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அர்ச்சுனன். ஈப்போவுக்கும் தாப்பாவுக்கும் நடுவில் டாக்சி ஓட்டியவன். சாப்பாட்டு விஷயத்தில் எனக்குக் கொள்கை எதுவும் கிடையாது. பசி மட்டும் உண்டு. அக்காள் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் வழியில் ஒரு கடையில் ரொட்டியும் தொட்டுக்கொள்ளச் சாளனமும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருக்கும். கழித்துக்கொள்ளுங்கள்.

மச்சான் பிறந்தது சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை, அதனால் அந்தப் பெயர். பதினெட்டு வயதிலிருந்து, ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் கொட்டகையில் வேலை. விறகு தள்ள வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், புகை போதுமா என்று எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்க்கிறவனுக்கும் ஷீட்டுக்குக் கிடைக்கிற அதே புகைதான் கிடைக்கும். ஷீட்டு நான்கு நாளில் வெளியே வந்துவிடும். மச்சான் பதினான்கு வருடம் கழித்து வெளியே வந்தார், அதுவும் தோட்டத்தை விற்று எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டதால். எழுபத்திரண்டில் என் அக்காள் ராக்காயியையும் ஒரே மகள் நவமணியையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தார். மூச்சிழுப்பும் கூடவே வந்தது.

எழுபத்தேழில் அது அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டது. மூன்று வாரம். ஒருநாள் சாயங்காலம், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று அக்காளிடம் சொல்லிவிட்டார்கள். அந்தச் சொந்தக்காரன் நான்தான். போய்ப் பார்த்தேன். கட்டிலின் இரண்டு பக்கத்துக் கம்பியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் வெளியே வந்திருந்தன. மூச்சு உள்ளே போவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

பிழைத்தார். பக்கத்துக் கட்டில்காரர் வீட்டுக்குப் போகும்போது தலையணைக்கு அடியில் ஒரு தமிழ்ப் புத்தகத்தை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அட்டை கிழிந்தது. முதல் எட்டுப் பக்கமும் இல்லை. ஒன்பதாம் பக்கம், "ஆகவே மனிதன் நெருப்பைக் கைவிட வேண்டும்" என்று தொடங்கியது. எதனால் ஆகவே என்பது அந்த எட்டுப் பக்கத்தோடு போய்விட்டது. மச்சானுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. மறுநாள் நான் போனபோது, "அர்ச்சுனா, ஒரு தேங்கா வாங்கிட்டு வா" என்றார்.

"இளநியா மச்சான்?"

"முத்துன தேங்கா. ஒடச்சிக் கொண்டா."

நாற்பத்தொரு நாள் தேங்காய், வாழைப்பழம், ஊறவைத்த பச்சைப்பயறு, அவல். இவற்றை மட்டும் தின்றார். நாற்பத்தொரு நாள் முடிந்தபோது இழுப்பு நின்றிருந்தது. புகைக் கொட்டகையை விட்டு வந்து ஐந்து வருடம் ஆனதால் நெஞ்சு தானாகத் தேறியது என்று நான் சொல்வேன். ஆனால் நான் டாக்சிக்காரன். நின்றது நின்றதுதான், அதை நான் மறுக்க முடியாது. அவர் மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டார். அக்காள் அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து அடுப்படியைப் பார்த்தாள். தலையைத் துவட்டினாள்.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு பொருளையும் விசாரணை செய்தார். சர்க்கரை, வெல்லம் இரண்டும் கொதிக்கவைத்து எடுப்பது, வேண்டாம். மஞ்சள்தூள் வேண்டாம், மஞ்சளை அவித்துத்தான் காயப்போடுகிறார்கள். பச்சை மஞ்சள் கிழங்கு சரி. முந்திரிக்கொட்டையை நெருப்பில் வாட்டாமல் உடைக்கவே முடியாது என்று யாரோ சொல்ல, அன்றோடு முந்திரிப்பருப்பு போனது. உப்பைக் காயவைப்பது வெயில், அதனால் உப்பு தப்பித்தது. பால் கன்றுக்குட்டிக்குச் சொந்தம், தேன் தேனீக்குச் சொந்தம் என்று இருபத்துமூன்றாம் பக்கத்தில் போட்டிருந்தது. வெயில் மட்டும் எவ்வளவு பட்டாலும் பரவாயில்லை. அந்த வரிசை வீடுகளின் தகரக் கூரை மத்தியானத்தில் முட்டையைப் பொரிக்கும் அளவுக்குக் கொதிக்கும். அது கணக்கில் வராது, அது சூரியன்.

பசிக்குத் தின்பதோடு அவர் நின்றிருந்தால் இவ்வளவு கதை இல்லை. தீபாவளி, பொங்கலுக்கும் எல்லாப் பலகாரமும் இருக்க வேண்டும், ஆனால் நெருப்பு இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிடிவாதம். எழுபத்தொன்பது தீபாவளிக்கு முறுக்கு செய்தார். பச்சைப்பயறையும் நிலக்கடலையையும் ஊறவைத்து, அம்மியில் அரைத்து, எள்ளும் ஓமமும் சேர்த்து உரலில் போட்டுப் பிழிந்து, வாழையிலையில் வைத்துக் கூரையில் ஏற்றினார். முதல் நாள் காக்கை தின்றது. மறுபடி பிழிந்தார். அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுக் கம்போடு ஏணியில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மழை. தீபாவளியன்று ஒரு தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

கடித்தேன். உடையவும் இல்லை, வளையவும் இல்லை.

"எப்படி இருக்கு?"

"முறுக்கு மாதிரி இருக்கு மச்சான்."

"பாத்தியா!" என்று அக்காளைப் பார்த்தார்.

"பாக்கறதுக்கு," என்றேன்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். பானகம் நன்றாக இருக்கும். பேரீச்சம்பழத்தை ஊறவைத்துக் கரைத்து, எலுமிச்சை பிழிந்து, இஞ்சிச்சாறும் ஏலக்காயும் போட்டு, ஈரத்துணி சுற்றிய மண்பானையில் வைத்திருப்பார். தீபாவளிக்கு பீர் கிடைக்கும் என்று வந்தவர்கள்கூட மூன்று கிளாஸ் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தேங்காயின் முதல் பாலில் கனிந்த வாழைப்பழத்தையும் பலாச்சுளையையும் போட்டு ஒரு பாயாசம் செய்வார், அதுவும் குற்றம் சொல்ல முடியாதது. ஒரு வருடம் விவரம் தெரியாத ஒருத்தர் அதைக் குடித்துவிட்டு, "பாயாசம் ஆறிப்போச்சுக்கா, கொஞ்சம் சூடு பண்ணித் தாங்களேன்" என்றார்.

என் அக்காள் இதையெல்லாம் தின்றாளா என்றால், தின்றாள். பிறகு காலை பத்து மணிக்கு, "ஆலிஸ் அக்காவுக்கு வெங்காயம் உரிச்சிக் குடுத்துட்டு வாரேன்" என்று பக்கத்து வீட்டுக்குப் போவாள். சாயங்காலம் நாலு மணிக்கும் ஒரு தடவை வெங்காயம் உரிக்கப் போவாள். ஒரு மணிநேரம் கழித்து மேலெல்லாம் காப்பி வாசனையோடும் தாளிச்ச வாசனையோடும் திரும்பி வருவாள்.

"வெங்காயம் உரிச்சியா?" என்பார் மச்சான்.

"உரிச்சேன்."

அத்தோடு சரி. அந்த ஏழு வருடத்தில் ஆலிஸ் அக்கா வீட்டில் உரிபட்ட வெங்காயம் பேராக் மாநிலத்துக்கே போதும். ஒருநாள் டாக்சியில் வரும்போது மட்டும் அக்காள் என்னிடம் வாயைத் திறந்தாள். "எனக்குப் பசி பெரிசில்லடா. எவன் வீட்டு அடுப்புலயோ நின்னு திங்கிறேன் பாரு, அதான் நெஞ்சுல நிக்குது" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எண்பத்தொன்றில் நவமணியைக் கோப்பெங்கில் கொடுத்தோம். மாப்பிள்ளை ராஜு ஈயச் சுரங்கத்தில் மெக்கானிக், நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். பேச வேண்டியதை எல்லாம் அவன் அம்மா செல்லாயி பேசிவிடுவார். செல்லாயி பாகான் செராய்க்காரி. எங்களைப் போல ரப்பர் மரத்தடியில் பிறக்காமல் நெல்வயல் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவர். கறாரான பொம்பிளை, ஆனால் நவமணியை மகளாகத்தான் வைத்திருந்தார். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

அடுத்த வருடம் நவமணி உண்டானாள். ஐந்தாம் மாதம் பிள்ளை தங்கவில்லை. யார் மேலும் தப்பு இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அக்காள் செய்தி கேட்டுப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திரும்பி வரும்போது அவள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "எம் புள்ள பக்கத்துல நான் இல்லடா."

எண்பத்துநாலில் மறுபடி உண்டானாள். இந்தத் தடவை பிள்ளை தங்கியது. ஏழாம் மாதம் வந்தது. எங்கள் ஆட்களில் ஏழாம் மாதம் பெண் வீட்டார் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டும். அதுதான் கட்டுச்சோறு. அவர்கள் அதைச் சாப்பிட்டுத் திருப்தியாக, பெண்ணுக்கு வளையல் போட்டு, பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். சாப்பிடாவிட்டால் அனுப்பமாட்டார்கள் என்று சட்டம் இல்லை. ஆனால் அதைச் சோதித்துப் பார்த்தவர்களும் இல்லை.

ஒருநாள் கோப்பெங் டாக்சி ஸ்டாண்டில் நான் வண்டியை நிறுத்தியிருந்தபோது செல்லாயி நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, உங்க மச்சான்கிட்ட ஒண்ணு சொல்லணும். புள்ளத்தாச்சிக்குச் சுடுதண்ணி வேணும், மிளகு ரசம் வேணும், புள்ள பொறந்தா பத்தியச் சோறு வேணும். அந்த வீட்டுல அடுப்பே இல்ல. அடுப்பு எரிஞ்சா அவருக்கு ஆகாதுங்கறாங்க. எரியாட்டி அவளுக்கு ஆகாது. ரெண்டு பேருல யாருன்னு முடிவு பண்ணிட்டு வரச் சொல்லுங்க. முடிவு பண்ணாம வந்தா நான் அனுப்ப மாட்டேன்லா."

அவர் சொன்னதை ஒரு சொல் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மச்சான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுவதை நிறுத்தவில்லை. அக்காள் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க. மூணு மாசம். மூணே மாசத்துக்கு ஒரு அடுப்பு. பின்னாடி வச்சிக்கிறேன், பொக உங்க பக்கம் வராது."

"அடுப்பு எரிஞ்சா எனக்கு மூச்சு நின்னுரும் ராக்காயி," என்றார். குரலை உயர்த்தாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அவர் அதை மனதார நம்பினார். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரைப் பார்த்தவன் நான், அதனால் என்னாலும் எதிர்த்துப் பேச முடியவில்லை. "கட்டுச்சோறு கொண்டு போறோம்ல," என்றார் பிறகு. "அதச் சாப்பிட்டுட்டுப் பேசச் சொல்லு. நெருப்பே இல்லாம ஏழு வகையும் செய்யலாம்னு அந்தம்மா பாக்கட்டும். பாத்தா அனுப்பிரும்."

ஒரு மாதம் பழகினார். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு வகை. நான்தான் ருசி பார்த்தேன், வேறு யாரும் அகப்படவில்லை. இராமசாமி கடையில் அவல் மூட்டையாகவே வாங்கிவிட்டார். சோற்றுக்குப் பதில் அவல். எலுமிச்சைச் சோற்றுக்கு அவலை நனைத்துப் பிழிந்து, பச்சை மஞ்சள் சாறு, எலுமிச்சை, இடித்த கடுகு, ஊறிய கடலை. முதல் தடவை கஞ்சியாகிவிட்டது. மூன்றாம் தடவை உதிரி உதிரியாக வந்தது, நானே இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். புளிச்சோற்றுக்கு எள்ளைக் கூரையில் காயவைத்துப் பொடித்துப் போட்டார். தேங்காய்ச் சோறு, மாங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு எல்லாம் சுலபமாகப் படிந்துவிட்டன. தயிர்ச்சோறுதான் அவரைப் படுத்தியது. தேங்காய்ப்பாலில் மிளகாய்க் காம்பைப் போட்டுப் புளிக்கவைத்தார். முதல் வாரம் அது புளிக்காமல் கெட்டது. நான் ஒருநாள் லீவில் இருக்கும்படி ஆனது. கடைசியில் காம்பு எத்தனை, எந்தப் பானை, எந்த மூலை என்று கண்டுபிடித்தார். கெட்டியாக, வெள்ளையாக, கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைந்து நின்றது. ஏழாவது சர்க்கரைப் பொங்கல். அதில் சர்க்கரையும் இல்லை, பொங்கவும் இல்லை. பேரீச்சையும் வாழைப்பழமும் ஏலக்காயும் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் பொங்கல்தான்.

கட்டுச்சோற்று நாளான ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு தூக்குச்சட்டியையும் டாக்சியின் பின்னால் அடுக்கினோம். பானகப் பானையை அக்காள் மடியில் வைத்துக்கொண்டாள். மச்சான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கோப்பெங் பன்னிரண்டு கட்டைத் தூரம், மைலைத்தான் நாங்கள் கட்டை என்போம். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் மச்சான், "தயிரு, தயிரு" என்று மட்டும் சொன்னார்.

செல்லாயி வீட்டில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். நவமணியை நடுவில் பாயில் உட்காரவைத்திருந்தார்கள். வயிறு நன்றாகத் தெரிந்தது, முகம் மட்டும் சின்னப் பிள்ளை முகமாகவே இருந்தது. அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், பக்கத்திலிருந்தவர்கள் பிடித்து உட்காரவைத்தார்கள்.

இலை போட்டார்கள். செல்லாயி ஒவ்வொரு தூக்குச்சட்டியாகத் திறந்து பார்த்து, வாசனை பிடித்து, தன் கையாலேயே பரிமாறினார். எல்லோரும் கொஞ்சமாகக் கிள்ளி வாயில் வைத்தார்கள். பிறகு பேச்சு நின்றது. பேச்சு நின்றால் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு கிழவர் புளிச்சோறு மூன்று தடவை வாங்கினார். பானகம் பானையோடு காலி. நான் என் மச்சானைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சையில் முதலாவதாக வந்தவன் மாதிரி நின்றிருந்தார். எனக்கே பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

செல்லாயி கடைசியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். எலுமிச்சைச் சோற்றில் ஒரு அவலை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். "நல்லா இருக்குண்ணே. பொம்பளைங்க தோத்தாங்க," என்றார்.

"ஒரு பொட்டு நெருப்புப் படல தங்கச்சி."

செல்லாயி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

வளையல் போட்டு முடிந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அக்காள் எழுந்து நின்றாள். "புள்ளயக் கூட்டிட்டுப் போறோம்," என்றாள். வழக்கமாகச் சொல்வதுதான். குரல் மட்டும் கெஞ்சியது.

"அடுப்பு?" என்றார் செல்லாயி.

மச்சான் முன்னால் வந்தார். "தங்கச்சி, இப்பச் சாப்பிட்டீங்க. நல்லா இருக்குன்னு உங்க வாயாலயே சொன்னீங்க. ஏழு வருசமா இந்த அவல்தான் என் உசிரக் காப்பாத்துது. நெருப்புப் பட்டது ஒரு பருக்கை உள்ள போச்சுன்னா அன்னிக்கே எனக்கு இழுப்பு வந்துரும். இது என்னையே எழுப்பி நிக்க வச்சிருக்கு. ஒரு புள்ளய நல்லாப் பெத்தெடுக்க வைக்காதா?"

செல்லாயி கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார். "அண்ணே, சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அவல் எப்படிச் செய்றாங்கன்னு தெரியுமா?"

"நெல்ல இடிச்சு."

"இடிக்கிறதுக்கு முன்னாடி?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் அக்காளைப் பார்த்தேன். எங்களுக்கு ரப்பர் தெரியும். எந்த மரம் எத்தனை மணிக்குப் பால் விடும், எந்தப் பட்டையில் கத்தி எவ்வளவு இறங்கலாம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். அரிசி என்பது தோட்டத்துக் கடையில் கோணிச்சாக்கில் இருக்கும், அவல் டின்னில் இருக்கும். மூன்று தலைமுறையாக எங்களில் ஒருவரும் நெல்லைக் கிட்டத்தில் பார்த்தது கிடையாது.

"நெல்ல ரெண்டு நாளு ஊறப் போடணும்," என்றார் செல்லாயி. "அப்புறம் வடிச்சுட்டு, சட்டியில மணலப் போட்டு நல்லா காயவிட்டு, அதுல போட்டு வறுக்கணும். பொரிய ஆரம்பிக்கும்போது அள்ளி, சூடு ஆறுறதுக்குள்ள உரல்ல போட்டு இடிக்கணும். எங்க ஆத்தா வறுப்பாங்க, நான் இடிப்பேன். எட்டு வயசுல இருந்து."

மச்சான் தன் வழக்கப்படி விசாரித்தார். "எவ்வளவு நேரம் வறுக்கணும்?"

"பொரியற வரைக்கும்."

"சட்டி சூடாத்தான் இருக்கணுமா?"

"சூடு இல்லாம எப்படிண்ணே பொரியும்?"

"எல்லா ஊருலயும் அப்படித்தானா?"

"எல்லா ஊருலயும்."

மச்சான் மெதுவாகக் கீழே உட்கார்ந்து கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். வீட்டில் இருந்த எல்லோரும் அவருடைய நெஞ்சைத்தான் பார்த்தார்கள். அக்காள் தன் கைப்பையைத் திறந்து, மூச்சுக்கு அடிக்கிற பம்பை வெளியே எடுத்தாள். அவர் அதை வேண்டாம் என்று ஒதுக்கி ஏழு வருடம் ஆகியிருந்தது. மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஏழு வருடமாக நெருப்பில் வறுத்ததைத் தின்று அவர் நன்றாகவே இருந்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய நேரம் அது. இப்படி ஒருநாளுக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெல்லத்தை விட்டு, மஞ்சளை விட்டு, முந்திரியை விட்டு, காக்கை விரட்ட ஏணியில் உட்கார்ந்திருந்த மனிதர்.

அதுவரை நவமணி வாயே திறக்கவில்லை. "அப்பா," என்றாள். "எனக்கு அம்மாகிட்ட வரணும். போன தடவ அம்மா பக்கத்துல இல்லப்பா." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அதற்குள் அழுதுவிட்டாள்.

மச்சான் செல்லாயி பக்கம் திரும்பினார்.

"காப்பி இருக்கா தங்கச்சி?"

"என்னண்ணே?"

"காப்பி. ஒரு கிளாஸ். சூடா."

"வேணாங்க," என்றாள் அக்காள். "அவலுக்கு ஒண்ணும் ஆகலன்னா வுட்ருங்க. இதப் போய் சோதிச்சுப் பாக்காதீங்க."

"நீ சும்மா இரு ராக்காயி." செல்லாயியிடம்தான் பேசினார். "அவல் எப்பவோ வறுத்தது, ஆறிப்போனது. அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அடுப்பு எரிஞ்சா எனக்கு ஆகுமா ஆகாதான்னுதானே கேட்டீங்க? இங்கயே பாத்துருவோம். எனக்கு ஒத்துக்கலன்னா நான் பொம்பாவுல ஸ்டோர் ரூம்ல படுத்துக்கறேன். எப்படி இருந்தாலும் புள்ள எங்க வீட்டுக்கு வரும். அடுப்பு நாளைக்கே வந்துரும்."

செல்லாயி உள்ளே போய்க் காப்பியைத் தானே கலக்கிக் கொண்டுவந்தார். ஆவி பறந்தது. சூடான கிளாஸைப் பிடிக்க மச்சானுக்கு மறந்திருந்தது, விரல் சுட்டு ஒருமுறை கீழே வைத்தார். பிறகு சட்டை நுனியால் பிடித்து எடுத்து, மருந்து குடிக்கிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் குடித்தார். சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் குடித்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கால் மணிநேரம் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வெளியே ஏதோ லாரி போனது. மச்சான் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். "பாத்தீங்களா," என்றார்.

"ராஜு, அவ பெட்டிய எடுத்துட்டு வாடா," என்றார் செல்லாயி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த அந்தப் பன்னிரண்டு கட்டையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. பேத்தி பிறந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் சொன்னதில்லை. அக்காளும் நவமணியும் பின்சீட்டில். மச்சான் முன்னால் என் பக்கத்தில். கோப்பெங்கைத் தாண்டி மூன்று கட்டை வந்திருப்போம், அந்தச் சத்தம் கேட்டது. முதலில் வண்டிச் சத்தம் என்று நினைத்தேன். இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்ட அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். காப்பியா, பயமா, ரோட்டுத் தூசியா, எதனால் வந்தது என்று தெரியாது. மச்சான் ஜன்னல் கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பின்னால் திரும்பி அக்காளிடம் பம்பைக் கேட்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன். சீட்டு மறைவில், பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாமல், அவர் கை என் தொடையைப் பிடித்து அழுத்தியது. வேண்டாம்.

பின்னால் நவமணி அம்மா தோளில் சாய்ந்துகொண்டு என்னென்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். மிளகு ரசம், சுடச்சுட. கருவாட்டுக் குழம்பு. கருப்பட்டிக் காப்பி. அக்காள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் வெகுநாளாகக் கேட்டதில்லை.

நான் ரேடியோவைப் போட்டு, எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினேன்.

"மாமா, சத்தம் ஜாஸ்தியா இருக்குலா!" என்று கத்தினாள் நவமணி.

"பட்டன் கெட்டுப்போச்சும்மா," என்றேன். "குறைக்க முடியல."